புல்லுக்கு அடியில் போகும் குழாய்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தேடிப்போனதல்ல. திரைச்சீலை தைக்கும் பெண்மணி ஒருவர் என் அறைக்கு அளவெடுக்க வந்தார். பின்பக்க ஜன்னலின் மேல்சட்டத்தில் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார், மறுமுனையைக் கீழே விட்டார், அப்படியே நின்றுவிட்டார். அளவைக் குறித்துக்கொள்ள நான் பென்சிலோடு காத்திருந்தேன். கீழே எதையோ பார்த்துக்கொண்டே நின்றார்.

என்ன பார்த்தார் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன். சுவை கூட்டுவதற்காக ஒளித்துவைக்கவில்லை. முன்கதை தெரியாதவர்களுக்கு அது மண்ணில் வெட்டிய ஒரு வாய்க்கால், அவ்வளவுதான்.

நான் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவன். வீட்டிலேயே வேலை, ஜன்னலோரம் மேசை, மூன்றாவது மாடி. கீழே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வீடுகள், நடுவில் ஒரு மதில். இரண்டு கொல்லைப்புறங்களும் ஒரே பார்வையில் தெரிகிற இடம் இந்தத் தெருவிலேயே என் ஜன்னல் ஒன்றுதான். அதனால் பாதியை நானே பார்த்தேன். மீதியை அந்தப் பெண்மணி சொன்னார். இரண்டிலும் சேராததை நானாக இட்டு நிரப்பியிருக்கிறேன். அங்கெல்லாம் அடைப்புக்குறி போடுவதாக உத்தேசம். மறந்தால் மன்னியுங்கள்.

தொடக்கத்துக்கு மூன்று வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன்.

"பிளாஸ்டிக் புல்லுக்குப் பனித்துளியைத் தெரியாது." அழகாக இருந்தது, அதனாலேயே அடித்தேன். உண்மையும் இல்லை. விடிகாலையில் அந்தப் புல்லின் மேலும் பனி உட்காரத்தான் செய்கிறது.

"மனிதன் இயற்கையிடமிருந்து விலகி விலகி" இதை முடிக்க எனக்கே பொறுமை இல்லை.

"ஓட்டுநர் சேற்றில் விழுந்தார்."

இது இருக்கட்டும். இதிலிருந்து போகலாம்.

2

ஓட்டுநர் சேற்றில் விழுந்தார்.

ஓட்டுநர் என்பவர் திரைச்சீலைப் பெண்மணியின் கணவர். ஆயுசில் பெரும்பகுதியைப் பேருந்து ஓட்டியே கழித்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கை கொஞ்சம் திரும்பியது, பேச்சு முழுசாகத் திரும்பியது, கால் மட்டும் பிடிவாதமாக இருந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே வீட்டை ஒரு பேருந்துபோல நடத்திக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசை ஒரு நிறுத்தம், டி.வி. ஒரு நிறுத்தம், கொல்லைப்புறம் கடைசி நிறுத்தம்.

(கதைக்குள் வந்துவிட்டோம், இனி அந்தப் பெண்மணியை 'அவள்' என்று சொல்லப்போகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. 'அவர்' என்று எழுதும்போதெல்லாம் ஒரு கை தூரம் தள்ளி நிற்கவேண்டியிருக்கிறது. அவளைப் பெரியவள் என்போம். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் அவளுடைய தங்கை, சின்னவள்.)

கடைசி நிறுத்தத்தில்தான் தொல்லை. மழைக்காலம் முழுக்கக் கொல்லையில் தண்ணீர் நின்றது. களிமண். வெயில் வந்தால் மேலே ஓடு கட்டும், கீழே கொழகொழவென்று இருக்கும். புல் விதைத்துப் பார்த்தார்கள், அழுகிப்போனது. நாற்காலிச் சக்கரம் அச்சுவரை இறங்கியது. கால் பயிற்சி கொடுக்க வருகிற பெண், சமமான மெத்தென்ற தரையில் வெறுங்காலோடு நடக்கவைக்கவேண்டும், அறைக்குள் நடந்தால் போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் அவர் யாரையும் கூப்பிடாமல், கைத்தடியை ஊன்றிப் படியிறங்கிப் பார்த்தார். தடி இறங்கியது, அவரும் கூடவே இறங்கினார்.

பெரியவள் தான் தைக்கிற கடையிலிருந்து வந்து பார்த்தபோது மதிலில் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்திருந்தார். அடி எதுவும் இல்லை. சத்தம் போட்டுக் கூப்பிட்டிருக்கலாமே என்றாள். அவர் மதிலைக் காட்டினார். கூப்பிட்டால் அந்தப் பக்கம் கேட்கும் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு அவர் கொல்லைப்புறத்துக்குப் போகிறேன் என்று சொல்லவே இல்லை. கதவு திறந்திருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சிமெண்ட் போட்டுவிடலாம் என்று அவள்தான் முதலில் சொன்னாள். உங்களுக்கும் அதுவே தோன்றியிருக்கும், எனக்கும் தோன்றியது. ஆயுசெல்லாம் தார் ரோட்டைப் பார்த்தாகிவிட்டது, விழுந்தாலும் பச்சையாக எதன்மேலாவது விழுகிறேன் என்றாராம். சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு பல் ஆஸ்பத்திரி வாசலில் செயற்கைப் புல் பதித்திருந்ததை அவள் பார்த்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் கொஞ்சம் நடந்துபார்த்தாள். உள்ளேயிருந்து ஒருவர், பல்லுக்குக் காட்ட வந்தீங்களா என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

3

மதில் விஷயத்தை இப்போதே சொல்லியாக வேண்டும்.

இரண்டு வீடும் அவர்களுடைய அப்பாவின் ஒரே மனை. முன்பாதி பெரியவளுக்கு, மேல்தெருவைப் பார்த்தது. பின்பாதி சின்னவளுக்கு, கீழ்த்தெருவைப் பார்த்தது. மதிலையொட்டிப் பெரியவள் பக்கம் ஒரு மரம் இருந்தது. (என்ன மரம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் ஆளாளுக்குத் தங்கள் வீட்டு மரத்தை நினைத்துக்கொண்டு ஒரு கட்சிக்குப் போய்விடுவீர்கள்.) அடிமரம் பெரியவளுக்கு, நிழல் சின்னவளுக்கு. சின்னவளின் சமையலறை ஜன்னலில் மதியம் முழுக்க அந்த நிழல்தான்.

கிளைகள் காய்ந்து வந்தன. வெட்டவேண்டும் என்று பெரியவள் சொன்னாள். சின்னவள் அப்போது மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தாள். நான் வந்துவிடுகிறேன், வந்து பேசிக்கொள்ளலாம் என்று போனில் சொன்னாள். ஒரு காற்றுநாளில் துணிக்கொடியின் மேல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. துணி உலர்த்திவிட்டுப் பெரியவள் உள்ளே போயிருந்த நேரம். மறுநாள் காலையில் அவள் ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

சின்னவள் ஊரிலிருந்து வந்து, தன் ஜன்னலில் வெறும் வானத்தைப் பார்த்தாள். மேல்தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றாள். "நான் வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டியா அக்கா?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. பதில் பெரியவளிடம் இருந்தது, அந்தக் கிளை. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

அந்த மரம் போன பிறகுதான் கொல்லையில் தண்ணீர் நிற்கத் தொடங்கியது. இத்தனை நாளும் மரம் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர். இதை நான் கற்பனையாகச் சேர்த்திருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள், திணிப்பு என்பீர்கள். நடந்ததாகிப் போனதால் விட்டுவைக்கிறேன்.

4

செயற்கைப் புல் பதிப்பவரைப் புல்காரர் என்றுதான் அந்த வீட்டில் சொன்னார்கள். காதில் போனை மாட்டிக்கொண்டு, எதிரில் நிற்பவரிடமும் போனில் இருப்பவரிடமும் ஒரே சமயத்தில் பேசுகிற ரகம். முதல் நாள் வந்து, மேல்மண்ணை வழித்துவிட்டு ஜல்லி கொட்டிப் புல்லை விரித்துவிடலாம், தண்ணீர் தானாக ஊறிவிடும் என்றார். பெரியவள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அங்கிருந்த குழியில் ஊற்றினாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தார், குழியில் தண்ணீர் அப்படியே இருந்தது. ஓ என்றார். போனில் இருந்தவரும் என்னவென்று கேட்டிருக்கவேண்டும், ஒன்றுமில்லை சார் என்றார்.

புல்லுக்கு அடியில் ஓட்டைக்குழாய் பதிக்கவேண்டும், அதை வடிகட்டித் துணியால் சுற்றவேண்டும், மேலே ஜல்லி, அதன்மேல் ஜல்லித்தூள், திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்பது, அப்புறம் புல். இதுவரை சிக்கல் இல்லை. குழாயில் விழுகிற தண்ணீர் எங்கேயாவது போகவேண்டுமே, அதுதான் சிக்கல். மேல்தெரு கொல்லையைவிட உயரம். அங்கே தண்ணீர் ஏறாது. கீழ்த்தெருவில் நல்ல வடிகால் இருக்கிறது. ஆனால் அங்கே போக வழி மதிலைத் தாண்டி, சின்னவளின் கொல்லையின் குறுக்கே.

தரைக்குக் கொடுக்கும் சரிவைக் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். தண்ணீர் ஓடவேண்டிய பக்கம் வாட்டம். முகத்துக்கும் அதே சொல்தான். பிழை திருத்துகிறவனுக்கு இப்படி ஒரு சொல் கிடைத்தால் அரைநாள் போய்விடும். எனக்கும் போனது. பெரியவளிடம் புல்காரர், "வாட்டம் அந்தப் பக்கம்தான்க்கா இருக்கு" என்று சொன்னபோது அவளுக்கு இரண்டு அர்த்தமும் கேட்டதா என்று தெரியவில்லை. (கேட்டது என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவளுக்கு அன்றைக்கு நிறையத் துணி தைக்கக் கிடந்தது.)

அந்த வீட்டில் கேட்டுவிடுங்கள், ஒரே நாள் வேலை, குழாயைப் பதித்து மண்ணை மூடிவிடலாம் என்றார் புல்காரர். பேச்சுவார்த்தை இல்லை என்றாள். சரி, மோட்டார் வைத்து மேல்தெருவுக்கு ஏற்றலாமா? மழை பெய்யும்போதுதான் கரண்ட் போகும் என்று அவளே சொன்னாள். புல்காரர் மதிலடியில் குனிந்து, ஒரு செங்கல்லைத் தட்டிப் பார்த்தார். பிறகு முதல்முறையாகப் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"சின்னதா ஒரு ஓட்டை போட்டு விட்ருவோம்க்கா. தண்ணி அது பாட்டுக்குப் போயிரும். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவள் வீட்டுக்குள் போய்ப் பார்த்தாள். ஓட்டுநர் கொல்லைக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி.யில் சத்தமே வைக்கவில்லை.

திரும்பி வந்து, போடுங்க என்றாள்.

5

இந்த இடத்தில் கதையை ஒரு வாரம் நிறுத்திவைத்தேன்.

காரணம் சின்னவள். என் முதல் பிரதியில் அவளை நன்றாக ஒரு கை பார்த்திருந்தேன். வாய்த்துடுக்கு, வீம்பு, மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கிற கண். அவளைக் கெட்டவளாக்கினால் பெரியவள் போட்ட ஓட்டை சின்னதாகிவிடும் இல்லையா, அந்த வசதிக்காக. எழுதிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தால், சின்னவள் தன் கொல்லையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து செருப்புக்குப் பசை தடவி, காயும்வரை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். என்னுடைய சின்னவளுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.

பெரியவளையும் நல்லவளாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். ஓட்டையைப் புல்காரர் அவளுக்குத் தெரியாமல் போட்டுவிட்டதாக எழுதினேன். அதையும் எடுத்துவிட்டேன். அவளே சொன்னாள், போடச் சொன்னது நான்தான் என்று. கதாபாத்திரம் ஒப்புக்கொண்டதை எழுத்தாளன் மறைப்பது நன்றாக இல்லை.

6

புல் பதித்த வேலை மேலிருந்து பார்க்க அழகாக இருந்தது. மண்ணை வழித்தார்கள். நடுவில் ஒரு பள்ளம் எடுத்து, துணி சுற்றிய குழாயைப் படுக்கவைத்தார்கள். முதல் தடவை வாட்டம் வீட்டுப் பக்கம் போய்விட்டது. புல்காரர் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, தலையில் கைவைத்து, வேலையாட்களைக் கோபித்து, பிறகு தன்னையே கோபித்துக்கொண்டு மறுபடி எடுத்தார். ஜல்லித்தூளைக் கெட்டிக்கும்போது என் மேசையில் பென்சில்கள் குதித்தன. புல் சுருளாக வந்தது. இரண்டு சுருள்களை ஒட்டும்போது எல்லாப் புல்தாளும் ஒரே பக்கம் சாயவேண்டுமாம், இல்லாவிட்டால் ஒட்டுப்போட்ட சட்டைபோலத் தெரியும். துணியின் ஓட்டம் பார்த்துப் பழகிய பெரியவள்தான் கூட நின்று பார்த்துக்கொண்டாள். கடைசியில் மணலைத் தூவி, பெரிய பிரஷ்ஷால் வாரிவிட்டார்கள்.

ஓட்டுநரை அழைத்துவந்தாள். நாற்காலி படியோரச் சரிவில் இறங்கி, புல்லில் உருண்டு, சக்கரம் புதையாமல் நின்றது. அவர் கீழே பார்த்தார். குனிந்து இடது கையால் தடவிப் பார்த்தார். பொய்ப்புல்தான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அப்படியும் வலது காலைக் கையால் தூக்கிச் செருப்பிலிருந்து வெளியே எடுத்து, அதன்மேல் வைத்தார். கூசுது என்றார். பயிற்சிப் பெண் கைதட்டினாள், கூச்சம் தெரிந்தால் நல்லதாம்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் அவருக்கு அங்கேதான். உச்சிவெயிலில் அந்தப் புல் அடுப்புக்கல்போலச் சுட்டது. அதைப் புல்காரர் சொல்லவே இல்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தெளித்துவிட்டால் போதும் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். ஆறடி நடந்தார், பத்தடி நடந்தார். மனைவியின் தோளைப் பிடித்து நடந்தவர், பிறகு தோளுக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்து நடந்தார்.

முதல் பெரிய மழை பெய்தது. விட்டபோது புல்லில் ஒரு சொட்டுகூட நிற்கவில்லை. ஓட்டுநர் வெளியே வந்து உட்கார்ந்து, சூப்பர் என்றார். பெரியவள் மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வரும் சத்தம் என்று காத்திருந்தாள். அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் இல்லை, அடுத்த மழைக்கும் இல்லை. சண்டைக்கு வந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அவளுக்குச் சோறு இறங்காமல் போனது அப்போதுதான்.

7

இனி, என் ஜன்னல்.

எனக்குத் திரைச்சீலை தேவைப்பட்டது வெயிலுக்காக. கடையில் சொன்னேன், அவள் வந்தாள். கீழ்வீட்டுப் பெண்மணி என்று முகத்தால் தெரியும், பேசியதில்லை. நாடாவோடு ஜன்னலுக்குப் போனாள், நின்றுவிட்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம், ஓட்டையின் வாயிலிருந்து ஒரு வாய்க்கால் கிளம்பியது. சின்னவளின் கொல்லையைக் குறுக்காகக் கடந்து, பின்வாசல் படியை ஒட்டி வளைந்து, வீட்டின் பக்கச் சந்து வழியாகக் கீழ்த்தெருப் பக்கம் போய் மறைந்தது. ஓரம் சரியாமல் இருக்க உடைந்த ஓட்டுத்துண்டுகள் பதித்திருந்தன. பெரியவள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாதது அவ்வளவும் என் ஜன்னலில் தெரிந்தது.

இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டாள். முதல் மழையிலிருந்து என்றேன். நான் பார்த்ததைச் சொன்னேன். தண்ணீர் ஓட்டையிலிருந்து கொட்டி, படியேறி வாசலுக்குள் போகப் பார்த்தது. சின்னவள் வெளியே வந்தாள், மதிலடியில் குனிந்து ஓட்டையைப் பார்த்தாள். உள்ளே போய், தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வந்தாள். மழையிலேயே வெட்டினாள்.

எழுத்தாளப் புத்தி சும்மா இருக்கவில்லை. அக்காமேல் அவளுக்கு இன்னமும் பாசம் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். பெரியவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாசமும் இல்ல ஒண்ணும் இல்ல சார். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா யாரா இருந்தாலும் வெட்டிவிடத்தான் செய்வாங்க."

நாடாவைச் சுருட்டினாள். மறுபடி பிரித்தாள்.

"ஆனா ஒரு கந்தலைச் சுருட்டி அடைச்சிருக்கலாம்ல. ஒரு நிமிஷ வேலை. அடைச்சிருந்தா எங்க வீட்லதானே நின்னிருக்கும்."

அதற்குப் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து, மரம், ஓட்டை எல்லாவற்றையும் சொன்னாள். அளவெடுக்காமலே போய்விட்டாள். (திரைச்சீலையை அப்புறம் கண்மதிப்பாகத் தைத்துக்கொடுத்தாள், சரியாகவே இருந்தது.)

8

அன்றைக்கே தங்கை வீட்டுக்கு ஓடியிருப்பாள் என்று எழுத ஆசை. அவள் ஓடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள். சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். ஓட்டை போட்ட விஷயமே அவருக்குத் தெரியாது. குழாய் எங்கோ தெருவுக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தட்டை நகர்த்திவைத்தார். அவர் சொன்னதை அவள் வார்த்தை மாறாமல் எனக்குச் சொன்னாள்.

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நீ குளிக்க வீட்டுக்குப் போற நேரமாப் பாத்து வருவா. பக்கத்துல உக்காந்துட்டுப் போவா. அக்காகிட்ட சொல்லாதீங்க அத்தான்னு கேட்டுக்கிட்டா, நான் சொல்லல. அவ வாசல்ல நம்ம தண்ணிய விட்டுட்டு நான் இங்க காத்து வாங்கணுமா?"

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாள் கொல்லைக் கதவைத் திறந்தபோது அவர் வரவில்லை. வண்டி பணிமனையில் நிற்கிறது என்றார். பயிற்சிப் பெண் வந்து கெஞ்சினாள், அறைக்குள்ளேயே நடக்கிறேன் என்றார். புல் காலியாகக் கிடந்தது.

பெரியவள் முதலில் செய்தது புல்காரருக்குப் போன் போட்டது. குழாயை முறையாகக் கொண்டுபோனால் எவ்வளவு ஆழம், எத்தனை நாள் என்றெல்லாம் கேட்டாள். எல்லாம் சொல்லிவிட்டு, அந்த வீட்டில் கேட்டுவிட்டீர்களா என்று அவர் கேட்டார். வைத்துவிட்டாள். அடுத்த நாளும் போன் போட்டாள், குழாய் என்ன நிறம் என்று கேட்க. அவருக்கே புரிந்துவிட்டது. "அக்கா, நிறம் மண்ணுக்குள்ளதானே" என்றாராம்.

இந்த இடத்துக்கு நான் யோசித்துவைத்த வழிகள்: ஒரு பெருமழை வந்து மதில் இடிந்துவிடுவது. ஓட்டுநர் தடியை ஊன்றிக்கொண்டு தானே கீழ்த்தெருவுக்குப் போவது. சின்னவளின் பேரக்குழந்தை பந்தை இந்தப் பக்கம் எறிவது. மூன்றும் எழுத வசதியானவை. மதில் கெட்டியான மதில், ஓட்டுநருக்கு அவ்வளவு தூரம் முடியாது, அந்தக் குழந்தை வேறு ஊரில் இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். மழையே இல்லாத ஒரு வெறும் மதியத்தில் பெரியவள் கடையிலிருந்து சீக்கிரமாக வந்தாள். கையில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. மேல்தெருவிலிருந்து இறங்கி, முனையில் திரும்பி, கீழ்த்தெருவுக்குள் போனாள். அதற்குமேல் எனக்குத் தெரியாது. சின்னவளின் முன்வாசல் என் ஜன்னலுக்குத் தெரியாது.

(காத்திருந்தேன். ஒரு பக்கம்கூடத் திருத்தவில்லை.)

பிறகு சின்னவளின் பின்கதவு திறந்தது. இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். வாய்க்காலின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். சின்னவள் எதையோ கைநீட்டிக் காட்டினாள், படிக்குப் பக்கத்து வளைவை. பெரியவள் உட்கார்ந்து அந்த ஓட்டுத்துண்டைத் தொட்டுப் பார்த்தாள். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, அழவில்லை. அழுதிருந்தாலும் மூன்றாவது மாடிக்குத் தெரியாது.

9

புல்காரர் திரும்ப வந்தார், இந்தத் தடவை கீழ்த்தெரு வழியாக. வாய்க்கால் போன தடத்திலேயே பள்ளம் எடுத்துக் குழாய் பதித்து, கீழ்த்தெரு வடிகாலில் சேர்த்தார்கள். மதிலோட்டையைக் குழாயைச் சுற்றிப் பூசினார்கள். மதிலை ஒட்டி, சின்னவள் பக்கத்தில், சகதி பிடிக்க மூடி போட்ட ஒரு சின்னத் தொட்டி கட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு பெரிய மழைக்கும் பிறகு அதைத் திறந்து, படிந்ததை அள்ளிப்போடவேண்டும், இல்லாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அள்ளுவது யார் என்று புல்காரர் கேட்டபோது, எங்க தண்ணி, நானே அள்ளுறேன் என்று பெரியவள் சொன்னாள். சின்னவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஓட்டுநர் வெளியே வந்தார். இப்போது மதில்வரை நடந்து, மதிலைத் தொட்டு, திரும்புகிறார்.

மழை விட்டால் பெரியவள் கரண்டியும் வாளியுமாகத் தெருவைச் சுற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போகிறாள். சின்னவள் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்காது. பெரும்பாலும் சகதியைப் பற்றியாகத்தான் இருக்கும். அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. மரம் போனது போனதுதான், சின்னவளின் சமையலறை ஜன்னலில் இன்னும் வெயில்தான். ஆனால் மழைக்காலம் முழுக்க அவர்கள் பார்த்துக்கொண்டே ஆகவேண்டும்.

10

முடிவு பாக்கியிருக்கிறது.

அந்த மதியம் முன்வாசலில் என்ன நடந்தது? கதையின் முக்கியமான இடம், என்னிடம் இல்லாத இடம். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், கதவு திறந்ததும் பெரியவள் மரத்தைப் பற்றிப் பேசுகிறாள், உன்னைக் கேட்காமல் வெட்டியிருக்கக் கூடாது என்கிறாள். சொல்லத்தான் வேண்டிய வார்த்தை. ஆனால் இத்தனை வருஷம் சொல்லாதவள், கதவு திறந்த உடனே சொல்வாளா?

இன்னொன்றில், நேராகக் குழாயைப் பற்றிப் பேசுகிறாள். ஆழம், நாள், மண்ணை மூடிக்கொடுப்பது. சின்னவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வழிவிடுகிறாள். இது நம்பும்படி இருக்கிறது. ஆனால் எழுதி முடித்தபின் எனக்குப் பசித்தது, ஏதோ சாப்பிடாமல் எழுந்த மாதிரி.

மூன்றாவதில் யாரும் பேசவில்லை. அது சோம்பேறித்தனம்.

போன வாரம் கீழ்த்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். பெரியவள் தங்கை வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு, முழங்கைவரை சகதியோடு வந்தாள். கேட்டுவிட்டேன். நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். புல்லப் பத்தி எழுதுங்க, எங்களப் பத்தி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தாள். அந்த வார்த்தையை நான் எவ்வளவு காப்பாற்றியிருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரிகிறது.

அன்றைக்கு வாசலில் முதலில் என்ன சொன்னீர்கள் என்றேன்.

"நான் எங்க சார் சொன்னேன். சொல்றதுக்கு எல்லாம் யோசிச்சு வச்சுக்கிட்டுத்தான் போனேன். கதவைத் தொறந்தவுடனே அவதான் ஒரே ஒரு வரி பேசினா, யோசிச்சதெல்லாம் மறந்துபோச்சு."

என்ன பேசினாள் என்றேன்.

கையிலிருந்த சகதி சொட்டாமல் இருக்க இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. "அது எனக்குச் சொன்னது" என்றாள். போய்விட்டாள்.

அதனால் அந்த வாக்கியம் இந்தக் கதையில் இல்லை. நான் இட்டு நிரப்பவும் போவதில்லை. ஒரு பெண் கதவைத் திறக்கிறாள். வருஷக்கணக்கில் பேசாத அக்கா வெறுங்கையோடு நிற்கிறாள். பின்னால் கொல்லையில், அக்கா வீட்டுத் தண்ணீருக்காகத் தானே வெட்டிய வாய்க்கால். அவள் வாய் திறந்து சொன்னது ஒரே ஒரு வாக்கியம், அதைக் கேட்டுத்தான் யோசித்து வைத்திருந்ததெல்லாம் பெரியவளுக்கு மறந்துபோனது. அது என்ன என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால் என்னிடம் சொல்லவேண்டாம். யாரிடம் சொல்லவேண்டுமோ அங்கே போய்ச் சொல்லுங்கள்.